எரித்த சீருடையும் மீண்டு வந்த ஆட்டமும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். விஞ்ஞானிகளைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். தலைவர்களைப் பற்றி எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு கூடைப்பந்துக் கோச்சைப் பற்றி. பெயர் மார்கரெட் வேட். அமெரிக்கப் பெண்மணி. 1912-ல் பிறந்து 1995-ல் இறந்தவர். நாம் யாரும் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நாட்டில் பெண்கள் கூடைப்பந்து என்று பேச்செடுத்தால் அவர் பெயர் வராமல் இருக்காது. நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

பந்து விளையாட்டுக்கும் டிப்ளமோ படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கடைசிவரை படியுங்கள், சம்பந்தம் இருக்கிறது.

பீச் பழக் கூடையில் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்து கொஞ்சம் புது ஆட்டம்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இதை உண்டாக்கினார். பனிக்காலத்தில் பையன்கள் வெளியே போய் விளையாட முடியாது. உள்ளேயே ஆட ஒரு ஆட்டம் வேண்டும். பீச் பழம் வைக்கிற இரண்டு கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். ஆட்டம் பிறந்துவிட்டது.

சில மாதங்களிலேயே பக்கத்தில் இருந்த ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இந்த ஆட்டத்தைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பெண்கள் ஓடினால் உடம்பு கெட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் டாக்டர்கள் உட்பட எல்லாரும் நம்பினார்கள். அதனால் அவர் விதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஆடுகளத்தை மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்தார். ஒரு பாகத்தில் நிற்கிறவள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அடுத்தவள் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது. பந்தை மூன்று தடவைக்கு மேல் தட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆட்டம் இருக்கும், ஓட்டம் இருக்காது! பிற்பாடு மூன்று பாகம் இரண்டு பாகமாயிற்று. ஆனால் கோடு மட்டும் போகவில்லை. அணிக்கு ஐந்து பேர், முழுக் களத்திலும் ஓடலாம் என்று அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு விதி வந்தது 1971-ல்தான். கிட்டத்தட்ட எண்பது வருஷம் ஒரு கோட்டுக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் மார்கரெட் வேட் வருகிறார்.

சீருடை எரிந்த நாள்

1912 டிசம்பர் 30. மிசிசிப்பி மாநிலத்தில் மெக்கூல் என்ற சின்ன ஊரில் மார்கரெட் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தில் கிளீவ்லாந்து என்ற ஊரில். ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் பெரிய நகரத்துக்கும் இதே பெயர். இது அதுவல்ல, சின்ன ஊர். மிசிசிப்பி ஆறும் யாசூ ஆறும் வண்டல் கொண்டுவந்து போட்ட சமவெளி அது. எங்கே பார்த்தாலும் பருத்திக் காடு. அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே டெல்டா. அங்கே ஆசிரியர்களை உருவாக்குவதற்காக 1924-ல் ஒரு கல்லூரி ஏற்படுத்தினார்கள். டெல்டா ஸ்டேட் ஆசிரியர் கல்லூரி.

உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் நன்றாக விளையாடிய மார்கரெட் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. மூன்று வருஷம் அந்த அணியில் ஆடினார். நாலாவது வருஷம் ஆட வேண்டும். அதற்குள் 1932-ல் கல்லூரி அணியையே எடுத்துவிட்டது. காரணம், இந்த ஆட்டம் இளம் பெண்களுக்கு ரொம்பக் கடினமானது என்று சொன்னார்களாம்!

மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்தவர்களிடம்தான் இதைச் சொன்னார்கள். பெண்களால் முடியுமா முடியாதா என்று அவர்களைக் கேட்கவே இல்லை. அந்த மாணவிகள் அழுதார்கள். பிறகு தங்கள் சீருடைகளை எல்லாம் குவித்துத் தீ வைத்துக் கொளுத்தினார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வேறு யாரும் உடுத்த வரப்போவதில்லை என்று தெரிந்தால்தானே ஒருத்தி தன் சீருடையைக் கொளுத்துவாள்?

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இது ஒரு கல்லூரி மட்டும் செய்த காரியமில்லை. 1923-லிருந்தே அந்த நாட்டில் பெண்கள் போட்டி ஆட்டம் ஆடக் கூடாது என்று ஒரு பெரிய இயக்கம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களும் பெண்களே. பிற்பாடு ஜனாதிபதியான ஹூவரின் மனைவி லூ ஹென்றி ஹூவர் அதில் முக்கியமானவர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெண்களை வைத்து டிக்கெட் விற்றுச் சம்பாதிக்கிற கூட்டத்திடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும், நாலு கெட்டிக்காரிகள் மட்டும் ஆடாமல் எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முடிவு என்ன ஆயிற்று? பல கல்லூரிகளில் போட்டிகள் நின்றன. பதிலாக விளையாட்டு நாள் என்று ஒன்று நடத்தினார்கள். பல கல்லூரிப் பெண்களைக் கலந்து அணி பிரித்து, சும்மா ஆடவிட்டு, டீயும் பலகாரமும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு நம்மைக் கேட்காமலே கதவைச் சாத்துகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

பத்தொன்பது வருஷம்

மார்கரெட் 1933-ல் பட்டம் வாங்கினார். கல்லூரி அணி இல்லையென்றால் என்ன, வெளியே டுபெலோ நகரத்தில் ரெட் விங்ஸ் என்ற அணியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆடினார். முழங்காலில் அடிபட்டது. ஆட்டக்காரியாக அவர் வாழ்க்கை அதோடு முடிந்தது.

வேறு யாராக இருந்தாலும் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். அவர் பள்ளி ஆசிரியையாகிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். முதலில் சின்னச் சின்னப் பள்ளிகள். பிறகு தான் படித்த கிளீவ்லாந்து உயர்நிலைப் பள்ளிக்கே வந்து பத்தொன்பது வருஷம் பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தார். 1954 வரை. அந்தப் பத்தொன்பது வருஷக் கணக்கு இது: 453 வெற்றி, 89 தோல்வி, 6 சமன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது பாருங்கள். மிசிசிப்பியில் பள்ளிக்கூடப் பெண்கள் போட்டி போட்டு ஆடினார்கள். ஊரே வந்து பார்த்தது. அதே பெண் கல்லூரிக்குப் போனால் ஆட அணி கிடையாது. பதினேழு வயது வரை தாங்கிய உடம்பு பதினெட்டு வயதில் தாங்காமல் போய்விடுமா? மார்கரெட் வருஷா வருஷம் நல்ல நல்ல ஆட்டக்காரிகளை உருவாக்குவார். பள்ளி முடிந்ததும் அவர்கள் ஆட்டமும் முடிந்துவிடும். பத்தொன்பது வருஷம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

1959-ல் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் உடற்கல்வித் துறைக்கு ஆசிரியையாகப் போனார். தன் அணியைக் கலைத்த அதே கல்லூரி. வகுப்பு எடுத்தார். அணி அப்போதும் இல்லை.

முப்பத்தேழு சொற்கள்

1972 ஜூன் 23-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அரசாங்கப் பணம் வாங்குகிற எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். டைட்டில் நைன் என்று அதற்குப் பெயர். அதன் முக்கியமான வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் முப்பத்தேழு சொற்கள். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் கல்லூரி என்றால் விளையாட்டு மைதானமும் சேர்ந்ததுதானே! பையன்களுக்கு அணி இருந்தால் பெண்களுக்கு ஏன் இல்லை என்று கேட்க ஒரு பிடி கிடைத்தது.

1973-ல் டெல்டா ஸ்டேட் பெண்கள் அணியைத் திரும்ப ஆரம்பித்தது. கோச்சாக யாரைப் போடுவது? உள்ளேயே ஓர் ஆள் இருந்தார். மார்கரெட் வேட். அப்போது அவருக்கு வயது அறுபது. அணி கலைக்கப்பட்டு நாற்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. கோச்சாக வேலை பார்த்தே பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இதில் இன்னொரு சிக்கல். அவர் ஆடிய ஆட்டமும் கற்றுக்கொடுத்த ஆட்டமும் கோடு போட்டுப் பிரித்த பழைய ஆட்டம். இப்போது ஐந்து பேர், முழுக் களம். நம் ஊரில் அறுபது வயதில் ரிட்டயர் ஆகித் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். அவர் புது விதியைக் கற்றுக்கொண்டு விசிலை எடுத்தார்.

முதல் வருஷமே 16 வெற்றி, 2 தோல்வி.

லூசியாவும் டெபியும்

அந்த அணியின் நடு ஆட்டக்காரி லூசியா ஹாரிஸ். மிசிசிப்பியில் மின்டர் சிட்டி என்ற கிராமத்துக் கறுப்பினப் பெண். உயரம் 6 அடி 3 அங்குலம். அவர் வேறொரு கல்லூரியில் சேருவதாக இருந்தார். அங்கே பெண்கள் அணி கிடையாது. டெல்டா ஸ்டேட்டின் துணைக் கோச் மெல்வின் ஹெம்ப்ஹில் போய்க் கூப்பிட்டதால் இங்கே வந்தார். அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அந்த மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிப்பதே அப்போது புதுசு. அதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்கக் கூடாது.

பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் டெபி பிராக். அவர் உயரம் எவ்வளவு தெரியுமா? 4 அடி 11 அங்குலம்! இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் ஒருவர் தோளுக்கு இன்னொருவர் வரமாட்டார். மார்கரெட் இரண்டு பேரையும் ஆட வைத்தார். குள்ளமானவள் பந்தைக் கொண்டுவருவாள், உயரமானவள் கூடையில் போடுவாள். கேட்க எளிதாக இருக்கிறது. எதிரணிக்கு அது எளிதாக இல்லை.

அப்போது பெண்கள் கல்லூரிப் போட்டியில் ராணி என்றால் இமாகுலேட்டா. ஃபிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்னக் கல்லூரி. 1972, 1973, 1974 மூன்று வருஷமும் தேசியப் பட்டம் அவர்களுக்கே. அவர்கள் ஆடினால் கன்னியாஸ்திரிகள் வரிசையாக உட்கார்ந்து பக்கெட்டைத் தட்டி உற்சாகப்படுத்துவார்களாம்.

1975 இறுதி ஆட்டத்தில் டெல்டா ஸ்டேட் அந்த இமாகுலேட்டாவை 90-81 என்று ஜெயித்தது. அந்த வருஷம் ஆடிய 28 ஆட்டத்திலும் வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. 1976 இறுதியிலும் அதே இமாகுலேட்டா, 69-64. 1977 இறுதியில் லூசியானா ஸ்டேட் அணி, 68-55. வரிசையாக மூன்று தேசியப் பட்டம்! நடுவில் தொடர்ச்சியாக 51 ஆட்டங்களில் வெற்றி. மூன்று வருஷத்தில் 93 வெற்றி, 4 தோல்வி. பருத்திக் காட்டு நடுவில் இருக்கும் கல்லூரி இது. ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம் வர ஆரம்பித்தது.

1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டியின் முதல் பாயின்டைப் போட்டவர் லூசியா ஹாரிஸ். அமெரிக்கா வெள்ளி வாங்கியது. 1977-ல் ஆண்கள் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அவரைத் தன் தேர்வுப் பட்டியலில் எடுத்தது. அவர் போகவில்லை. கல்லூரி நாட்களில் அவர் போட்ட மொத்தப் பாயின்ட் 2,981. கல்லூரி முடித்த பெண்கள் சம்பளம் வாங்கி ஆடுகிற நிலையான இடம் அப்போது அமெரிக்காவில் இல்லை. 2022 ஜனவரியில் அவர் இறந்தார். அவரைப் பற்றி எடுத்த குறும்படத்துக்கு இரண்டு மாதம் கழித்து ஆஸ்கர் கிடைத்தது. கோச் மறித்த கதவைத் திறந்தார். ஆனால் அடுத்த கதவு அந்தப் பெண்ணுக்கு மூடித்தான் இருந்தது.

கணக்கு

மார்கரெட் 1979-ல் ஓய்வு பெற்றார். டெல்டா ஸ்டேட்டில் ஆறு வருஷம், 157 வெற்றி, 23 தோல்வி. கிளீவ்லாந்து பள்ளிக் கணக்கையும் கூட்டினால் 610 வெற்றி. அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே, 1978 முதல், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரிக்கு அவர் பெயரில் வேட் கோப்பை என்று விருது கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் வாங்கியவர் கரோல் பிளேசஜோவ்ஸ்கி. 1985-ல் நெய்ஸ்மித் பெயரில் இருக்கும் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் முதல் முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். அப்போது சேர்க்கப்பட்டவர்களில் மார்கரெட் வேடும் ஒருவர், கோடு போட்டுக் கற்றுக்கொடுத்த அந்த செண்டா பெரன்சனும் ஒருவர். கோடு போட்டவரும் கோட்டைத் தாண்டியவரும் ஒரே சுவரில்! 1995 பிப்ரவரி 16-ஆம் தேதி தன் ஊரான கிளீவ்லாந்திலேயே மார்கரெட் காலமானார். வயது 82.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. கைதட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் எனக்கு ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1932-லிருந்து 1973 வரை நாற்பத்தொரு வருஷம். அந்தக் கல்லூரிக்குள் எத்தனை பெண்கள் வந்து, படித்து, பந்தைத் தொடாமலே வெளியே போயிருப்பார்கள்? அவர்களில் எத்தனை லூசியா, எத்தனை டெபி? அவர்களுக்குக் கோப்பையும் இல்லை, பெயரும் இல்லை. மார்கரெட்டுக்கு ஆயுசு இருந்தது, அதே ஊரில் இருந்தார், சட்டம் வரும்போது தயாராக இருந்தார். மற்றவர்களுக்குச் சட்டம் வரும்போது வயதாகிவிட்டது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். என் அம்மா எட்டாவது வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். யாராவது கேட்டால் அம்மா எட்டாவதோடு நின்றுவிட்டேன் என்று சொல்வார். சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் நம்பினேன். மார்கரெட் கதையைப் படித்த அன்று ராத்திரி அம்மாவிடம் விவரமாகக் கேட்டேன். ஹைஸ்கூல் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். அம்மா நிற்கவில்லை, அம்மாவை நிறுத்தினார்கள். தாத்தாவும் கெட்டவர் இல்லை. அவரும் நன்மைக்காகத்தான் சொன்னார். அம்மா கொளுத்துவதற்குச் சீருடைகூட இல்லை. பாவாடை சட்டையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். போன வருஷம் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பெயர் கேட்டார்கள். ஒன்பது பேர் கொடுத்தோம். பயிற்சி சாயங்காலம் ஐந்து மணிக்கு. எங்கள் பக்கம் போகிற கடைசி நேர்ப் பேருந்து ஐந்தரைக்கு. ஒவ்வொருத்தியாகக் கழன்றோம். முதலில் கழன்றவர்களில் நானும் ஒருத்தி. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று கடைசியில் எழுதிக்கொண்டார்கள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை என்பது உண்மை. பேருந்து நேரத்தை யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

அதனால் சங்கத்துக்கு இந்தக் கட்டுரை மூலமாகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெண்கள் பயிற்சியைக் காலையில் முதல் வகுப்புக்கு முன்னால் வையுங்கள். ஏழே முக்காலுக்கு வந்து சேர எங்களுக்குப் பேருந்து இருக்கிறது. ஒர்க்ஷாப் ஷூவோடு ஆடச் சொன்னாலும் ஆடுகிறோம். நாங்கள் ஜெயிப்போமா என்று தெரியாது. முதல் வருஷம் தோற்போம் என்றுதான் நினைக்கிறேன், எங்களில் பாதிப் பேருக்கு டிரிப்பிளே ஒழுங்காக வராது! ஆனால் ஆர்வமில்லை என்று எழுதிய அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

என் வகுப்புத் தோழிகளுக்கு ஒன்று. இந்த முறை பெயர் கேட்டால் கொடுங்கள். நான் முதல் ஆளாகக் கொடுக்கிறேன், இந்தத் தடவை கழல மாட்டேன். நமக்குப் பின்னால் வருகிறவள் நாற்பத்தொரு வருஷம் காத்திருக்க வேண்டாம்.



இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னியல் துறை